விண்வெளிக்கும் வயலின்தான்!



'ஆர்கெஸ்ட்ரா' என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கோயில் கொடையில் ராத்திரி நடக்கும் பாட்டுக் கச்சேரிதானே! எனக்கும் அது பிடிக்கும். ஆனால் பாடகரே இல்லாத ஆர்கெஸ்ட்ராவும் உண்டு.

1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' என்ற விண்வெளிப் படம் வந்தது. இசை ஜான் வில்லியம்ஸ். அதே வருஷம் நவம்பரில், அமெரிக்காவில் ஹாலிவுட் பவுல் என்ற திறந்தவெளி அரங்கில், லாஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக் குழுவினர் அந்தப் படத்தின் பின்னணி இசையை மேடையிலேயே வாசித்தார்கள். குழுவை நடத்தியவர் யார் தெரியுமா? பம்பாயில் பிறந்த ஜுபின் மேத்தா!

கதையில் ரோபோ வருகிறது, விண்கலம் பறக்கிறது. வாசித்ததோ வயலினும் டிரம்பெட்டும்! 1968-இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில் இன்னும் வேடிக்கை. 1896-இல் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் எழுதிய இசையை எடுத்துச் சேர்த்தார்கள். ரைட் சகோதரர்கள் விமானத்தில் பறந்ததே 1903-இல்தான்!

ஆகவே என் கருத்து இதுதான்: விண்வெளியை இசையில் காட்டப் புதுக் கருவி வேண்டாம். நம்ம தவிலும் பம்பையும் நாதஸ்வரமுமே போதும்.

'பாட்டு இல்லேன்னா கூட்டம் கலைஞ்சிடும்' என்று சிலர் சொல்வார்கள். கொடையில் நையாண்டி மேளம் உச்சத்துக்குப் போகும்போது யாராவது எழுந்து போய்ப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே நாம் பாட்டையா கேட்கிறோம்?

ஆண்டு விழாவில் பாடுறவங்களுக்கு மேடை உண்டு, ஆடுறவங்களுக்கும் உண்டு. வாசிக்கிறவங்களுக்கு? அப்பாவோடு கொடைக்குப் போய்ப் பம்பை அடிக்கிற பசங்க நம்மிலேயே இருக்காங்க. அதை வெளியே சொல்லக் கூச்சப்படுறாங்க. கூச்சப்பட என்ன இருக்கிறது? காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த ஊற்றுமலை ஜமீனின் அரண்மனை ஊரல்லவா நம் வீ.கே.புதூர்!

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு விழாவில் பத்தே பத்து நிமிஷம் தாருங்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்புவதை எங்க பசங்க வாசித்துக் காட்டட்டும். உடுக்கையில் கவுண்ட்டவுன், பம்பையில் நெருப்பு, நாதஸ்வரத்தில் வானம். பாட்டு வேண்டாம், பேச்சு வேண்டாம்.

கை தட்டுவதா வேண்டாமா என்பதை அதைக் கேட்டபிறகு நீங்களே முடிவு பண்ணுங்க!

– 11-ஆம் வகுப்பு மாணவன்