சொல்லாமல் மறைத்த ஓர் இரவு

விடுமுறைக் காலம் நெருங்கி வருகிறது. உங்களில் சிலர் குடும்பத்தோடு கடற்கரைகளுக்கும் தீவுகளுக்கும் செல்ல ஆயத்தமாகிக்கொண்டிருப்பீர்கள். சென்று வாருங்கள், ஓய்வும் தேவன் தந்த ஈவுதான். ஆனால், புறப்படும் முன் ஒரு காரியத்தை உங்களோடு பேச விரும்புகிறேன். பயணத்தின் நடுவே உங்கள் உடல் நலிவுற்றால், அதை அந்த மணி நேரத்திலேயே உடன் வந்தவர்களிடம் சொல்லிவிடுங்கள். மறைப்பதை நாம் பொறுமை என்று எண்ணுகிறோம். அது பொறுமையல்ல, பல வேளைகளில் அன்புமல்ல. மறைத்தவன் என்ற முறையிலேயே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், சபையைச் சேர்ந்த இரண்டு குடும்பங்களோடு நானும் என் மனைவியும் அந்தமானுக்குச் சென்றோம். 2018ஆம் ஆண்டு வரை ஹேவ்லாக் என்று அழைக்கப்பட்ட ஸ்வராஜ் தீவில் மூன்று நாள்கள் தங்குவதாகத் திட்டம். ராதாநகர் கடற்கரையில் சூரியன் மறைவதைக் கண்டு நாங்கள் மகிழ்ந்திருந்த அதே இரவு, ஒன்பது மணிக்கு எனக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. விடியுமுன் பத்து முறையாவது எழுந்திருப்பேன். அயர்ந்து உறங்கிய என் மனைவியை எழுப்பவில்லை. காலையில் யானைக் கடற்கரைக்குச் செல்லப் படகுக்குப் பணம் கட்டியிருந்தோம். பிள்ளைகள் பவளப்பாறைகளைக் காணும் ஆவலில் விடியற்காலையிலேயே எழுந்துவிட்டார்கள். “முகம் வாடியிருக்கிறதே” என்று என் மனைவி கேட்டபோது, “சரியாக உறக்கமில்லை, அவ்வளவுதான்” என்றேன்.

நான் மறைத்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. பிறருடைய மகிழ்ச்சியைக் கெடுக்கலாகாது என்பது முதலாவது. அதை நான் எவரிடமும் துணிந்து சொல்லியிருப்பேன். இரண்டாவதைச் சொல்ல எனக்கே வெட்கம். மற்றவர்களுடைய சுகத்துக்காக ஜெபிக்கிற போதகன் தானே சுருண்டு கிடப்பதைச் சபையார் காணலாகாது என்று எண்ணினேன். முதற்காரணத்தைப் போர்வையாக்கி இரண்டாவதை மூடிக்கொண்டேன்.

யானைக் கடற்கரைக்குப் படகிலோ காட்டு வழியாய் நடந்தோதான் செல்ல முடியும். அங்கே மருத்துவமனை கிடையாது. வெயில் ஏறிய வேளையில், மணலில் நின்றுகொண்டிருந்த எனக்குக் கண் இருண்டது. விழித்தபோது ஒரு மரத்தடியில் கிடத்தப்பட்டிருந்தேன். அங்கே பழம் விற்றுக்கொண்டிருந்த வங்காளப் பெண்மணி ஒருவர் தம் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து, என் கால்களைத் தம் கூடையின்மேல் உயர்த்தி வைத்து விசிறிக்கொண்டிருந்தார். அவர் பேசிய மொழி எங்களுக்கு விளங்கவில்லை; அவர் செய்தது விளங்கிற்று. அடுத்த படகில் என்னை ஏற்றி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்த்தார்கள்.

“எப்போது தொடங்கியது?” என்று மருத்துவர் கேட்டார். “இன்று காலைதான்” என்று என் மனைவி முந்திக்கொண்டு பதில் சொன்னாள். நான் திருத்த வேண்டியதாயிற்று: “நேற்றிரவு ஒன்பது மணிக்கு.” அவள் ஒன்றும் பேசவில்லை, என் கையைப் பிடித்திருந்த தன் கையை மாத்திரம் மெல்ல எடுத்துக்கொண்டாள். நரம்பில் ஊசி ஏற்றியபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. மாலையில் எங்களோடு வந்த பெரியவர் கட்டிலருகே அமர்ந்து, “ஐயா, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் படகில் ஏறியிருக்கவே மாட்டோமே. எங்களை அவ்வளவுதான் நம்பினீர்களா?” என்று கேட்டார். அக்கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

“சாதாரண வயிற்றுக் கோளாறுக்கெல்லாம் ஊரைக் கூட்ட வேண்டுமா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பயணிகளுக்கு வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் சில நாள்களில் தானே அடங்கிவிடும். ஆனால் சொல்வது வேறு, பயணத்தை நிறுத்துவது வேறு. சொன்னால், நிறுத்துவதா தொடர்வதா என்பதைச் சேர்ந்து முடிவு செய்யலாம். மறைத்தாலோ, அனைவருக்குமான முடிவை நோயாளி ஒருவரே எடுத்துவிடுகிறார். அதுவும் தெளிந்த சிந்தை குன்றியிருக்கும் வேளையில்.

அதிலும் தீவில் காலதாமதத்தின் விலை அதிகம். நம் ஊரில் நள்ளிரவிலும் ஒரு ஆட்டோவைப் பிடித்து மருத்துவமனைக்குப் போய்விடலாம். ஸ்வராஜ் தீவிலிருந்து பெரிய மருத்துவமனை உள்ள போர்ட் பிளேருக்கு, அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்துக்குப் போக, கடலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். அன்றைய கடைசிக் கப்பல் போய்விட்டால் வழக்கமான வழி அடைபட்டுவிடும். கடல் கொந்தளித்தால் பகலிலும் அப்படியே. காலையில் சொல்லியிருந்தால் எளிதாய் முடிந்திருக்கும் காரியம், மாலையில் ஒரு தீவையே தட்டியெழுப்ப வேண்டிய காரியமாகிவிடும்.

மருத்துவமனையிலிருந்து விடுவித்தபோது செவிலியர் என் மனைவியிடம் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களைக் கொடுத்தார். அந்த எளிய மருந்துக்குப் பின்னே நாம் நினைவுகூரத்தக்க ஒரு வரலாறு உண்டு. 1971இல் வங்கதேசப் போரின்போது அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்காவுன் முகாமில் வந்து குவிந்தார்கள். காலரா பரவிற்று, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. அப்போது திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கத் துணிந்தார். ஏறக்குறைய 30 விழுக்காடாயிருந்த மரணம் 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிற்று. அக்கரைசலை ஊட்டப் போதிய செவிலியர் இல்லாததால், நோயாளிகளின் தாயும் தகப்பனும் உடன்பிறந்தோருமே அருகில் அமர்ந்து ஊட்டினார்கள். அந்த மருந்துக்கு வேண்டியவை நீரும் உப்பும் சர்க்கரையும், பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஒரு கையும். மறைக்கிறவன் அந்தக் கையைத்தான் முதலில் இழக்கிறான்.

நோயைச் சொல்ல வெட்கப்பட்டவர்கள் நமக்கு முன்னும் இருந்திருக்கிறார்கள். பிலிப்பி சபையாரின் உதவியைச் சுமந்துகொண்டு பவுலிடம் சென்ற எப்பாப்பிரோதீத்து, சென்ற இடத்தில் மரணத்துக்குச் சமீபமாகும் அளவுக்கு வியாதிப்பட்டார். தம் நோயைச் சபையார் கேள்விப்பட்டார்களே என்றுதான் அவர் அதிகம் வருந்தினார். பவுலோ அதை மறைக்கவில்லை; அனைவரும் வாசிக்கும் நிருபத்திலேயே எழுதிவிட்டார். மெலித்தா தீவில் புபிலியுவின் தகப்பனுக்காக ஜெபித்துச் சுகம் கண்ட அதே பவுல், பின்னொரு பயணத்தில் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவர நேர்ந்தது. அதையும் ஒளிக்காமல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். அப்போஸ்தலனுக்கு வராத வெட்கம் எனக்கு ஏன் வந்தது? நோய் விசுவாசக் குறைவின் அடையாளம் என்று நாமே நம் சபைகளில் சத்தமின்றிக் கற்பித்து வைத்திருக்கிறோமோ என்று அஞ்சுகிறேன்.

ஆகையால் உங்களை வேண்டிக்கொள்கிறேன். புறப்படும் முந்தின இரவு குடும்பமாய் உட்கார்ந்து ஒரு உடன்பாடு செய்துகொள்ளுங்கள். யாருக்கு உடல் நலிவுற்றாலும் உடனே சொல்ல வேண்டும். சொன்னவரிடம் ஒருவரும் செலவான பணத்தைப் பற்றிப் பேசலாகாது. ஒருவர் கட்டாயம் உடன் தங்க வேண்டும். பெட்டியில் கரைசல் பொட்டலங்கள் நான்கைந்து இருக்கட்டும். பொட்டலத்தில் குறித்துள்ள அளவு நீரில் மாத்திரமே கரையுங்கள். சிறுநீர் குறைந்தாலும், எழுந்தவுடன் தலை சுற்றினாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், காய்ச்சல் சேர்ந்தாலும் காத்திருக்க வேண்டாம். தீவில் இறங்கியவுடன், மருத்துவமனை எங்கே, கடைசிக் கப்பல் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்களோடு வரும் முதியவர் “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொன்னால், இன்னொரு முறை கேளுங்கள். என் மனைவி ஒரு முறை கேட்டாள். நான் அவளை ஏமாற்றினேன்.

அந்தப் பெரியவரின் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன்: இல்லை ஐயா, அன்று நான் உங்களைப் போதுமான அளவு நம்பவில்லை. என்னை மன்னியுங்கள். பிரியமானவர்களே, நீங்கள் உங்கள் வீட்டாரை நம்புங்கள். சுகமாய்ச் சென்று, சுகமாய்த் திரும்பி வாருங்கள்.