மலிவு யாருக்கு?

"சென்னையில் வாழ ஆகும் செலவு எங்கே, ஆரணியில் வாழ ஆகும் செலவு எங்கே? சிற்றூரில் இருப்பவருக்குச் சிறு கூலி போதாதா?" பட்டு நெசவாளர் கூலி உயர்வு கேட்கும்போதெல்லாம் இந்த வாதம் தலைகாட்டுகிறது. தோழர்களே, கணக்குப் பார்ப்போம்.

கணக்கை நாம் எழுத வேண்டியதில்லை. மத்திய சர்க்காரே எழுதி வைத்திருக்கிறது. ஒரே தரத்து ஊழியர் இருவர். ஒருவர் சென்னையில், மற்றவர் ஆரணியில். அடிப்படைச் சம்பளம் ஒன்று, பஞ்சப்படி ஒன்று. போக்குவரத்துப் படியில் சிறிது வேற்றுமை உண்டு. பெரிய வேற்றுமை வீட்டு வாடகைப் படியிலேதான். 2024 ஜனவரியில் அது சென்னைக்கு 30 சதவீதம், ஆரணி போன்ற ஊர்களுக்கு 10 சதவீதம் என்றாயிற்று. பொருள் என்ன? பருப்பும் எண்ணெயும் ஊரைப் பார்த்து விலை இறங்குவதில்லை, இறங்குவது குடக்கூலிதான்!

சென்னைத் தொழிலாளியின் வாடகைச் சுமை கொடியது, நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆரணி நெசவாளர் அந்தக் குடக்கூலியையாவது மிச்சம் பிடிக்கிறாரா?

ஆலைத் தொழிலாளிக்கு ஆலை இருக்கிறது. கட்டடம் முதலாளியின் செலவு. வீட்டிலே நெய்பவருக்கோ வீடே ஆலை. கூடத்தில் தறிக்குழி, தறிக்குப் போக மிஞ்சிய இடத்தில் அடுப்பும் பாயும் பிள்ளைகளின் புத்தகமும். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஏறினால் தறி நிற்கும், கூலியும் நிற்கும். பெரிய வைத்தியத்துக்கு வேலூர் போக வேண்டும். போகிற நாளில் தறி ஓடாது. தார் சுற்றித் தரும் மனைவிக்குத் தனிக்கூலி உண்டா?

ஆக, அந்த மலிவான வீடு நெசவாளருக்கு வாய்த்த வசதியல்ல. பட்டு வியாபாரிக்கு வாடகையின்றிக் கிடைத்த தொழிற்கூடம்!

ஆரணிப் பட்டு சென்னைத் தியாகராய நகர்க் கடையேறும்போது, மலிவான ஊரில் நெய்தது என்று விலையைக் குறைத்து விற்கிறார்களா? இல்லையே! 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இந்திய நெசவாளர் குடும்பங்களில் நூற்றுக்கு 66 மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டின. இந்த வருவாயில் எந்த ஊர்தான் மலிவு?

கூலி பேச உட்காரும்போது தோழர்கள் ஒன்றைக் கேட்க வேண்டும். நெய்யும் கூலி ஒரு வரி, தறி நிற்கும் இடத்துக்கு வாடகை ஒரு வரி, தார் சுற்றும் கைக்குக் கூலி ஒரு வரி எனத் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். எழுதிக் கூட்டிய பிறகு சொல்லட்டும், ஆரணி மலிவென்று!