வீட்டில் கிளி உண்டா?

காய்ச்சல், வறட்டு இருமல், கடுந்தலைவலி என்று வருவோரிடம் நாங்கள் பல கேள்விகள் கேட்கிறோம். சர்க்கரை நோய் உண்டா, புகைப்பழக்கம் உண்டா, வீட்டில் எவருக்கேனும் காசநோய் இருந்ததா என்றெல்லாம் வினவுகிறோம். வீட்டில் கிளி வளர்க்கிறீர்களா என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. அது மருத்துவர்களாகிய எங்கள் குறை. அக்கேள்வி தவறாமல் கேட்கப்பட வேண்டும். அதற்கு ஒளிவுமறைவற்ற விடையும் வேண்டும் என்பது எங்கள் கருத்து.

கூண்டுக்கிளிகளிடம் 'கிளமைடியா சிட்டாசி' என்னும் பாக்டீரியா இருப்பதுண்டு. அது மனிதருக்கு உண்டாக்கும் நோயே சிட்டகோசிஸ் எனப்படும் கிளிக்காய்ச்சல். பார்வைக்கு நலமாகத் தோன்றும் பறவையும் இக்கிருமியைச் சுமந்திருக்கலாம். நெரிசலான கூண்டும் நெடும்பயணமும் பறவையைத் தளரச் செய்யும்போது எச்சத்தில் கிருமி மிகுதியாக வெளிப்படும். உலர்ந்த எச்சத்தின் தூசியைச் சுவாசிப்பவருக்குப் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். சிலருக்கு அது கடும் நிமோனியாவாக முற்றும்.

1929-ஆம் ஆண்டின் இறுதியில் தென் அமெரிக்கக் கிளி வணிகத்தின் வழியாக இந்நோய் பல நாடுகளில் பரவியது. அமெரிக்காவின் அன்னாபொலிஸ் நகரில் கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கப்பட்ட ஒரு கிளியால் ஒரே குடும்பத்தில் மூவர் நோயுற்றனர். 1930 ஜனவரியில் அந்நாட்டு அதிபர் ஹூவர் கிளி இறக்குமதிக்குத் தடை விதித்தார். அன்று இதற்கு மருந்தில்லை. இன்று டாக்சிசைக்ளின் நன்கு குணமளிக்கிறது. ஆனால் நிமோனியாவுக்கு வழக்கமாகத் தரப்படும் பென்சிலின் வகை மருந்துகள் இக்கிருமிக்குப் போதுமானவை அல்ல. கிளி இருப்பது தெரிந்தால்தான் உரிய மருந்து உரிய காலத்தில் கிடைக்கும்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. நம் நாட்டுப் பச்சைக்கிளிகளைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அச்சட்டம் நியாயமானது என்றே நாங்கள் கருதுகிறோம். அப்பறவைகளை வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. எனினும் அந்த அச்சத்தால் மருத்துவரிடம் உண்மையை மறைப்பது உயிருக்கே கேடாக முடியலாம். நாங்கள் கேட்பது சிகிச்சைக்காக மட்டுமே.

இக்கேள்வி வீண் பீதியைக் கிளப்பும் என்பாரும் உளர். இந்நோய் அரிதாகவே காணப்படுகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது மிக மிக அரிது. ஆகவே லவ் பேர்ட்ஸ் போன்ற வளர்ப்புப் பறவைகளை அஞ்சித் துரத்த வேண்டியதில்லை. கூண்டின் அடித்தாளை நனைத்த பிறகே அகற்றுங்கள். உலர்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். முகக்கவசம் அணியுங்கள், பின்னர் சோப்பிட்டுக் கைகழுவுங்கள். கர்ப்பிணிகளும் நோயெதிர்ப்புத் திறன் குன்றியோரும் இப்பணியைப் பிறரிடம் விடுவது நல்லது. சோர்ந்து, இறகு சிலிர்த்து, உண்ண மறுக்கும் பறவையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

காய்ச்சலுடன் மருத்துவமனைக்கு வரும்போது, நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லுங்கள்: "எங்கள் வீட்டில் கிளி இருக்கிறது." அந்த ஒரு வரி சரியான மருந்துக்கு எங்களை விரைவில் இட்டுச்செல்லும்.