எந்த நாளிலிருந்து 15 நாள்?



குடிதண்ணீருக்கும் ரேஷன் கார்டுக்கும் போராடவே நேரம் போதவில்லை, இதில் மரத்துக்கு ஒரு தலையங்கமா என்று சிலர் கேட்கக்கூடும். தகரக் கூரையின் கீழ் மே மாதத்தைக் கழிக்கும் நம் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

மகாராஷ்டிரத்தில் நகர்ப்புற மரங்களைக் காக்க 1975-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஒவ்வொரு மாநகராட்சியிலும் மர ஆணையம் இருக்க வேண்டும். அதன் அனுமதியின்றி மரத்தை வெட்டக்கூடாது. வெட்டப்போகும் மரத்திலேயே நோட்டீஸ் ஒட்ட வேண்டும், பத்திரிகையிலும் விளம்பரம் தர வேண்டும். அனுமதி கொடுத்த பிறகும் 15 நாள் கோடரி படக்கூடாது என்றது அந்தச் சட்டம். பாதிக்கப்பட்டவன் கோர்ட்டுக்கு ஓட அவகாசம் வேண்டாமா? அதற்குத்தான் இந்த 15 நாள்.

மும்பை கோரேகாவில் உள்ள ஆரே காலனியில் என்ன நடந்தது? மெட்ரோ மூன்றாம் பாதையின் கார்ஷெட்டுக்காக மரம் வெட்ட 2019 ஆகஸ்டு 29-இல் மர ஆணையம் ஒப்புக்கொண்டது. அக்டோபர் 4-இல் உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளியது. அன்றிரவே விளக்குப் போட்டு வெட்டத் தொடங்கினார்கள். தடுக்கப்போன 29 பேர் கைதானார்கள். சட்ட மாணவர்கள் எழுதிய ஒரு கடிதத்தையே மனுவாக ஏற்று 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது. அதற்குள் 2,141 மரங்கள் சாய்ந்துவிட்டன.

15 நாள் கெடு என்னவாயிற்று என்று கேட்டதற்கு, உத்தரவு செப்டம்பர் 13-இலேயே பிறந்தது, 28-ஆம் தேதியோடு கெடு முடிந்தது என்றது மெட்ரோ நிர்வாகம். உத்தரவு எங்கள் கண்ணில் பட்டதே அக்டோபர் 4-இல்தான் என்றார்கள் போராடியவர்கள். பீரோவுக்குள் இருந்த காகிதத்துக்கு நாள் எண்ணினால் அது என்ன அவகாசம்?

ரயிலில் சம்பளம் வாங்குகிறவன் ரயிலை எதிர்க்க மாட்டேன். ஆரேயிலிருந்து 2024 அக்டோபரில் மெட்ரோ ஓடத் தொடங்கியபோது நம் ஆட்களும் ஏறினார்கள். ஆனால் ரயில்வேயில் ஒரு கலாசியைத் தண்டித்தால்கூட, மேல்முறையீட்டுக்கு உள்ள 45 நாளை உத்தரவு அவன் கைக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் எண்ணுகிறார்கள். 1968 விதி அது. கலாசிக்கு உள்ள நியாயம், மரத்தடியில் வாழும் ஆரே பாடாக்களின் வார்லி மக்களுக்கு ஏன் இல்லை? அனுமதி உத்தரவை அந்தந்த மரத்தில் ஒட்டிய நாளிலிருந்துதான் கெடு எண்ண வேண்டும். இது நம் சங்கத்தின் கோரிக்கை.

2021 திருத்தத்தின்படி 50 வயது தாண்டியது பாரம்பரிய மரம். மரத்தை வெட்டினால் அதன் வயது எத்தனையோ அத்தனை கன்று நட வேண்டும். கன்று நட்டார்களா, பிழைத்ததா என்று யார் போய்ப் பார்க்கிறார்கள்?

நாமும் ஒழுங்காக இருக்க வேண்டும். குடிசையை இரண்டடி நீட்டுவதற்காக வேரில் ஆசிட் ஊற்றுவதும் இச்சட்டப்படி குற்றமே. பட்டுப்போன மரம், கூரைமேல் சாயும் மரம் என்றால் சட்டமே வழிவிடுகிறது. மனுக் கொடுத்து வெட்டச் சொல்லுங்கள், மழைக்கு முன்பே.

மரத்தில் மராத்தியில் காகிதம் ஒட்டியிருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஆட்சேபணை இருந்தால் அன்றைக்கே எழுதி வார்டு ஆபீஸ் தோட்ட இலாகாவில் கொடுங்கள். எழுத வராதவர்களுக்குச் சங்க அலுவலகத்தில் எழுதித் தருவோம். நகலில் முத்திரையும் இன்வர்ட் நம்பரும் வாங்காமல் திரும்பாதீர்கள்.