மீதிச் சில்லறை

(பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர்)

களவு என்றவுடன் நம் நினைவுக்கு வருவது இரவில் பூட்டை உடைப்பதும், கூட்ட நெரிசலில் பையைக் கத்தரிப்பதுமே. ஆனால் பட்டப்பகலில், விளக்கு எரியும் கடையில், புன்சிரிப்போடும் வணக்கத்தோடும் நடக்கும் களவு ஒன்று உண்டு. பொருள் வாங்கியவர் பெரிய நோட்டை நீட்டுகிறார். கல்லாவில் இருப்பவர் மீதி தருகிறார். அதில் ஐம்பதோ நூறோ குறைகிறது. வாங்கியவர் எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். இதை நம் ஊரில் களவு என்று யாரும் சொல்வதில்லை. ‘சாமர்த்தியம்’ என்று சொல்கிறார்கள். இந்தப் பெயர் சரிதானா என்று தோழியரோடு சேர்ந்து எண்ணிப் பார்க்கவே இதை எழுதுகிறோம்.

இந்தக் கேள்வி மற்ற ஊர்ப் பள்ளிகளைவிட நம் பள்ளிக்கு நெருக்கமானது. செங்கற்பட்டில் பேருந்து ஏறித் திருக்கழுக்குன்றம் தாண்டினால் மாமல்லபுரம் வந்துவிடுகிறது. அங்குள்ள பல்லவர் காலச் சின்னங்களை 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. 2021-22-ஆம் ஆண்டில், கட்டணம் வாங்கும் மத்திய தொல்லியல் துறைச் சின்னங்களுள் அயல்நாட்டார் மிகுதியாக வந்து பார்த்தது மாமல்லபுரத்தைத்தான்: 1,44,984 பேர். அந்த ஆண்டு தாஜ்மகாலைப் பார்த்த அயல்நாட்டார் 38,922 பேரே. 2022-ல் சதுரங்க ஒலிம்பியாடு இங்கு நடந்தபோது உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்கள் கடற்கரைக் கோயிலையும் அர்ச்சுனன் தபசையும் பார்க்கிறார்கள், இளநீர் குடிக்கிறார்கள், கல்லில் செதுக்கிய சிறு பிள்ளையாரையும் சங்கு மாலையையும் வாங்குகிறார்கள். அந்தக் கடைகளில் இருப்பவர்கள் யார்? நம் தந்தையர், சிற்றப்பன்மார், அண்ணன்மார், அக்காமார். விடுமுறை நாளில் கடையில் உதவிக்கு உட்காருபவர்கள் நம்மிலும் உண்டு. ஆகவே இது யாரோ ஒருவரைப் பற்றிய பேச்சு அல்ல.

கடைக்காரர் எல்லாரும் இப்படித்தான் என்று நாங்கள் சொல்லவில்லை. மறந்துவிட்ட பொருளை எடுத்துக்கொண்டு வாடிக்கையாளர் பின்னால் ஓடிப்போய்க் கொடுப்பவர்களும் அதே தெருவில் இருக்கிறார்கள். சிலர் செய்வதே ஊருக்குப் பெயராகிவிடுகிறது என்பதுதான் கவலை.

இது நடக்கும் விதத்தை முதலில் தெரிந்துகொள்வோம். அயல்நாட்டவர் ஏ.டி.எம். இயந்திரத்தில் பணம் எடுத்தால் பெரும்பாலும் 500 ரூபாய் நோட்டாகத்தான் வருகிறது. ஐம்பது ரூபாய் இளநீருக்கும் அதைத்தான் நீட்ட வேண்டும். மீதி 450. நம் நோட்டு அவருக்குப் புதிது. 2017-ல் வந்த 200 ரூபாய் நோட்டு மஞ்சள். 2019-ல் வந்த 20 ரூபாய் நோட்டு பச்சை கலந்த மஞ்சள். அந்தி வெளிச்சத்தில் நமக்கே சற்றுத் தடுமாறும். அவருக்கு எப்படி இருக்கும்? இரண்டு இருநூறு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இருநூறும் ஒரு இருபதும் இருந்தால் 180 ரூபாய் போயிற்று. சிலர் பாதி மீதியைக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்வார்கள். கேட்டால் உடனே, ‘இதோ’ என்று மறுபாதி வரும். கேட்காவிட்டால் அது கல்லாவிலேயே தங்கிவிடும். மொழி தெரியாதவர் எப்படிக் கேட்பார்? பின்னால் வரிசை நிற்கிறது, வெயில் சுடுகிறது, வண்டி காத்திருக்கிறது. அவர் நாளை இந்த ஊரில் இருக்கப் போவதில்லை என்பது கடைக்காரருக்குத் தெரியும். அந்தத் தெரிதல்தான் இந்தக் களவின் முதலீடு.

பெரும்பாலானவர்களுக்குப் பணம் செலுத்தும் வழியே மாறிவிட்டது, 2016-ல் யு.பி.ஐ. வந்தபின் சில்லறைத் தொல்லை ஒழிந்தது என்று சிலர் சொல்லலாம். நம்மவருக்கு ஓரளவு ஒழிந்தது. இந்திய வங்கிக் கணக்கு இல்லாத அயல்நாட்டவர் பலருக்கும், கைப்பேசியைத் தொட அஞ்சும் நம் வீட்டு முதியவர்களுக்கும் இன்னும் ரொக்கம்தான். இடர்ப்பாடு குறையவில்லை, அது பலவீனமானவர்கள் பக்கம் ஒதுங்கி நிற்கிறது, அவ்வளவே.

இது நம் நாட்டின் தனி நோயுமன்று. ஐரோப்பாவில் 2 யூரோ நாணயமும் தாய்லாந்தின் 10 பாட் நாணயமும் அளவிலும் தோற்றத்திலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். மதிப்போ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. மீதியில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வந்து விழுந்தால், நாடு புதிதானவர் கண்டுபிடிப்பது கடினம். இத்தாலியில் 1970-களின் நடுவில் கடும் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது, வங்கிகளே சிறு தொகைக் காசோலைகளை அச்சிட்டுப் புழங்கவிட்டன. கடைகளில் மீதிக்கு மிட்டாய் கொடுத்தார்கள். நம் ஊர் மிட்டாய் வழக்கத்துக்கு ரோமாபுரியிலும் உறவினர் உண்டு!

நம் வரலாற்றிலும் இது புதிதன்று. கும்பெனியார் காலத்துச் சென்னையில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்று கணக்கு. பெரிய நாணயத்தைச் சிறிய நாணயமாக மாற்றும் சராப்புகள் ‘வட்டம்’ என்று ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். கணக்குத் தெரியாத ஏழைக்கு எவ்வளவு பிடிபட்டது என்பதே தெரியாது. பிறகு 1957 ஏப்ரல் 1-ஆம் நாள் அணா போய் நயா பைசா வந்தது. 16 அணா கொண்ட ரூபாய் 100 நயா பைசா ஆனது. ஒரு அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. ஆனால் கால் நயா பைசா என்று நாணயம் கிடையாது. ஓரணாப் பொருளுக்கு ஒருவர் 7 நயா பைசா வாங்கினால், 16 முறை வாங்குவதற்குள் ரூபாய்க்கு 12 நயா பைசா கூடுதலாகப் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் காலே முக்காலே சேர்ந்துதான் பெருந்தொகை ஆகிறது. சிறு துளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டும் பொருந்தும் பழமொழி அல்லவே!

இனி, இதற்குச் சொல்லும் சமாதானங்களைப் பார்ப்போம். முதலாவது: “அவர்கள் பணக்காரர்கள், நூறு ரூபாய் அவர்களுக்கு ஒரு பொருட்டா?” வருபவர் எல்லாரும் செல்வர் அல்லர். ஆண்டு முழுவதும் சேர்த்த பணத்தில் மலிவான அறையில் தங்கி, பேருந்தில் சுற்றும் மாணவர்கள் உண்டு; ஆசிரியர்கள் உண்டு. அவர் செல்வரே ஆனாலும், ஒருவருடைய பணம் அவருக்குத் தேவையா இல்லையா என்று தீர்மானிக்கும் உரிமையை நமக்கு யார் தந்தார்கள்?

இரண்டாவது சமாதானம் சற்று வலுவுள்ளது. “அரசாங்கமே நம்மிடம் 40 ரூபாயும் அவர்களிடம் 600 ரூபாயும் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. நாங்கள் வாங்கினால் மட்டும் குற்றமா?” 2018 முதல் இருந்துவரும் அந்தக் கட்டண வேறுபாடு நியாயமா என்று வாதிடலாம், வாதிட இடமும் உண்டு. ஆனால் அது பலகையில் எழுதியிருக்கிறது. வந்தவர் படிக்கிறார், விரும்பினால் கொடுக்கிறார், விரும்பாவிட்டால் திரும்பிப் போகிறார். கொடுத்ததற்குச் சீட்டும் பெறுகிறார். அதுபோலவே, ஒரு கற்சிலைக்கு ஆயிரம் ரூபாய் சொல்லிப் பேரம் பேசி எழுநூறுக்குக் கொடுப்பதும் வாணிபமே. இருவரும் அறிந்து ஒப்புக்கொண்ட விலை அது. மீதியில் குறைப்பது இந்த இரண்டிலும் சேராது. அங்கே ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. தெரிந்தால் அந்த வியாபாரமே நடக்காது.

மூன்றாவது: “சில்லறை இல்லை, என்ன செய்ய?” இதில் பாதி உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சில்லறை கிடைப்பது அரிதுதான். அதற்கு நாமும் ஒரு காரணம். 10 ரூபாய் நாணயத்தைச் செல்லாது என்று தமிழ்நாட்டில் எத்தனை பேர் வாங்க மறுத்தார்கள்! அதன் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 சனவரியில் விளக்கியது. பிறகும் தயக்கம் எளிதில் போகவில்லை. நல்ல நாணயத்தை வாங்க மறுத்துவிட்டுச் சில்லறை இல்லையே என்று அழுதால் என்ன பயன்? “மீதி ரெண்டு ரூபாய் குடுங்கண்ணே” என்றால், “சில்லறை இல்லைம்மா, மிட்டாய் எடுத்துக்கோ” என்கிறார் கடைக்காரர். அதே மிட்டாயை மறுநாள் கொடுத்து அவரிடமே பொருள் வாங்க முடியுமா? முடியாது என்றால் அது காசு ஆகாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கடற்கரை மணலில் சங்கு மாலை விற்கும் அம்மாவுக்குச் சில பயணிகள் தங்கள் நாட்டு நாணயங்களைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நோட்டு என்றால் மாற்றித் தருபவர்கள் உண்டு; அயல்நாட்டு நாணயத்தைப் பொதுவாக யாரும் மாற்றித் தருவதில்லை. அந்த அம்மாவின் முந்தானையில் அது வெறும் தகடு. ஏமாறுபவர் எப்போதும் வெள்ளைக்காரர், ஏமாற்றுபவர் எப்போதும் நம்மவர் என்று நினைப்பதும் தவறு. எந்தப் பக்கம் அறியாமை இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் இழப்பு.

இப்போது இடத்தை மாற்றி வைத்துப் பார்ப்போம். நம் மாவட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குச் சென்ற அண்ணன்மார் எத்தனை பேர்! முதல் மாதச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பியது போக மிச்சத்தை எடுத்துக்கொண்டு ஒருவர் கடைக்குப் போகிறார். நோட்டு புதிது, மொழி புதிது, பின்னால் வரிசை நிற்கிறது. கல்லாவில் இருப்பவர் மீதியில் குறைத்துவிட்டு, ‘இவன் அயலான், கேட்க மாட்டான்’ என்று நினைத்தால் நம் மனம் எப்படிக் கொதிக்கும்! இளநீர்க் கடை முன் நிற்கும் அயலாரும் யாரோ ஒரு தாய்க்குப் பிள்ளைதான். ஒரு கரையில் நமக்கு அநீதியாகத் தோன்றுவது மறு கரையில் சாமர்த்தியம் ஆகிவிடுமா?

நம் முன்னோர் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். வள்ளுவர் வாணிபத்துக்கு இலக்கணம் வகுத்தது நடுவு நிலைமை என்ற அதிகாரத்தில். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிபம் என்பது அவர் கருத்து. பழைய ஏற்பாட்டில் கள்ளத் தராசையும் பொய் எடைக் கல்லையும் ஆண்டவர் வெறுக்கிறார் என்பதை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். புதிய ஏற்பாட்டின் சக்கேயு, தான் எவரையாவது ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக வாக்களித்தான். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவன் வரி வசூலித்தவன், அவன் பாவமும் மனந்திரும்புதலும் கணக்கிலேயே நடந்தன. ஆலயத்தில் காணிக்கை போடுவதால் கல்லாப்பெட்டியின் கணக்கு தீர்ந்துவிடாது.

கடைத் தராசைச் சோதித்து முத்திரையிட அரசுத் துறை இருக்கிறது. உள்ளங்கைக்கு முத்திரையிட எந்தத் துறையும் இல்லை. ஆகவே அந்த வேலையை நாமே செய்ய வேண்டும். பெரிய காரியம் ஒன்றுமில்லை. கடையில் உட்காரும்போது, வாங்கிய நோட்டை உடனே கல்லாவில் போடாமல் மேசைமேல் வைத்து, “ஐந்நூறு” என்று உரக்கச் சொல்வோம். மீதியை அவர் கண் முன்னே, பொருளின் விலையிலிருந்து ஏறுவரிசையில் எண்ணி வைப்போம்: “ஐம்பது, நூறு, முந்நூறு, ஐந்நூறு.” ஐம்பதும் இரண்டு இருநூறும் மேசையில் விழுந்தபின் நோட்டைக் கல்லாவில் போடுவோம். எண்களை ஆங்கிலத்தில் சொல்ல நாம் படித்த படிப்பு போதும். விலையைப் பலகையில் எழுதி வைக்க வீட்டில் சொல்வோம். கேட்டால் பில் கொடுப்போம். பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

வாங்குபவராக நிற்கும்போது மீதியை அங்கேயே எண்ணுவோம். எண்ணுவது அவநம்பிக்கை என்று கூசவேண்டாம். நேர்மையான கடைக்காரருக்கும் அது பாதுகாப்பு. குறைந்தால் மரியாதையாகக் கேட்போம். பயணி ஒருவர் தடுமாறி நின்றால் அருகில் சென்று உதவுவோம். சுற்றுலாப் பயணிகளுக்கு 1363, நுகர்வோருக்கு 1915 என்ற தொலைபேசி எண்கள் உள்ளன என்பதையும் அறிந்து வைப்போம்.

எல்லாவற்றிலும் கடினமான சோதனை ஒன்று மீதி இருக்கிறது. கடைக்காரர் தவறி இருபது ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? குறைந்தபோது குரல் உயர்த்தும் நாம், கூடினபோது ‘அதிர்ஷ்டம்’ என்று மௌனமாக நடந்தால், கல்லாவுக்கு இந்தப் பக்கமும் அதே கைதான் நீண்டிருக்கிறது. அன்று மாலை கணக்கு இடிக்கும்போது அந்த இருபது ரூபாய் பெரும்பாலும் கல்லாவில் இருக்கும் சம்பளக்காரப் பெண்ணின் கூலியிலிருந்து பிடிக்கப்படும்.

தோழியரே, இன்னும் சில ஆண்டுகளில் நம்மில் பலர் வங்கியிலும் மருத்துவமனையிலும் அங்காடியிலும் பணம் வாங்கும் இடத்தில் உட்காரப் போகிறோம். நம் முன் நிற்பவர் அயல்நாட்டவராக இருக்கலாம். எழுத்தறியாத பாட்டியாக இருக்கலாம். எண்ணத் தெரியாத குழந்தையாக இருக்கலாம். அவருக்குக் கணக்குத் தெரியாத இடத்தில் நமக்கு மனச்சாட்சி தெரிந்திருக்க வேண்டும். எண்ணிக் கொடுப்போம், எண்ணி வாங்குவோம், கூடினால் திருப்பிக் கொடுப்போம்.