மாசிப் பனியும் மாட்டுக் கொட்டிலும்

மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூசியதோடு குளிர்காலம் முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்குச் சோதனையே அதற்குப் பிறகுதான். தைக் கடைசியிலும் மாசியிலும் எங்கள் பாகூர்ப் பக்கம் பகலில் 30 டிகிரி வெயில் காயும். விடியற்காலையில் 20 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கி, ஏரியை ஒட்டிய வயல்களில் பனி மூடி நிற்கும். ஒரே நாளில் இப்படி ஏறி இறங்குவதைத்தான் கன்றும் குட்டியும் தாங்குவதில்லை.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். எங்கள் பாடங்களில் குளிர்காலம் என்றால் பனிக்கட்டி மூடிய கூரை, இறுகச் சாத்திய தொழுவம். நாங்களோ வியர்வையைத் துடைத்துக்கொண்டே 'இவேர்', 'இவேர்' என்று மனப்பாடம் செய்தோம். அந்தப் பாடத்தைப் படிக்காத எங்கள் ஊர்க்காரர்களும் இப்போது அதையேதான் செய்கிறார்கள். பனிக்காலம் வந்ததும் கொட்டிலை நாலு பக்கமும் தார்ப்பாயால் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். இது குட்டிகளைக் காப்பாற்றுகிற வேலை அல்ல என்பது என் கருத்து.

காலை ஐந்து மணிக்கு அப்படிப்பட்ட கொட்டிலுக்குள் தலையை விட்டுப் பாருங்கள். மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும். நமக்கு ஒரு நிமிஷம். தரையோடு படுத்திருக்கும் குட்டிக்கு இராத்திரி முழுவதும். போதாததற்குக் கொசுவுக்காக வேப்பிலை மூட்டம் வேறு. மூக்கு ஒழுகி, இருமி, இரண்டு நாளில் பால் குடிக்காமல் தலையைத் தொங்கப் போட்டுவிடும். "பனி அடிச்சிடுச்சு" என்பார்கள். போன மாசியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பத்து நாளுக்குள் மூன்று குட்டிகள் போயின. பேத்தியின் பள்ளிக்கூடச் செலவுக்கென்று அந்த அம்மாள் வளர்த்தவை.

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். இன்றைய தகரக் கூரைக்கு அது அப்படியே பொருந்தும். இரவில் தகரம் சில்லிட்டுப் போகும். மாடுகள் விடும் மூச்சின் ஈரம் அதில் முத்து முத்தாகக் கோர்த்து, விடியுமுன் கீழே சொட்டும். கீற்றுக் கூரையில் இந்தத் தொல்லை இல்லை. தகரத்துக்கு அடியில் ஒரு வரிசை தென்னங்கீற்றைக் கட்டினாலே போதும். காற்று அடிக்கும் பக்கம் இடுப்பளவு உயரத்துக்குத் தட்டி. அதற்கு மேலே திறப்பு. கீழே காய்ந்த வைக்கோல், நனைந்ததைத் தினமும் வாரிப் போட வேண்டும். உடம்பு ஈரமில்லாமல் இருந்தால் நம் ஊர்க் குளிரை ஆட்டுக்குட்டி தாங்கும்.

சம்பா அறுப்பு முடிந்து புது வைக்கோல் வருவதும் இந்தச் சமயத்தில்தான். பனியில் நனைந்ததைக் காயவிடாமல் போர் போட்டால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். அதை மாட்டுக்குப் போடாதீர்கள்.

இன்னொன்று சீம்பால். நஞ்சு விழுகிற வரை கன்றைப் பால் குடிக்க விடக்கூடாது என்று இன்னும் சில வீடுகளில் பிடிவாதம். பனி இரவில் ஈரத்தோடு பிறந்த கன்றுக்குச் சூடும் தெம்பும் நோயைத் தாங்கும் சக்தியும் அந்தப் பாலில்தான் இருக்கின்றன. சாக்கால் நன்றாகத் துடைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஊட்ட வேண்டும். சீம்பாலுக்குக் கிண்ணத்தோடு வரும் அண்டை வீட்டார் காத்திருக்கட்டும். (எனக்கும் அது பிடிக்கும், ஆனாலும் கன்றுக்குப் பிறகுதான்.)

மேய்ச்சல் விஷயத்தில்தான் எனக்கும் எங்கள் தெருப் பெண்களுக்கும் வாக்குவாதம். பனி ஈரம் இருக்கும்வரை குடற்புழுக் குஞ்சுகள் புல்லின் நுனி வரை ஏறி நிற்கும். ஆடு அதைக் கடித்தால் புழு வயிற்றுக்குள் போகும். கழிச்சலும் சோகையும் வரும். வெயில் ஏறிப் புல் காய்ந்த பிறகு ஓட்டுங்கள் என்றால், "ஒன்பது மணிக்கு மேல நாங்க வேலைக்குப் போக வேணாமா ஐயா?" என்கிறார்கள். அவர்கள் கேட்பதும் நியாயந்தான். அதற்கு நான் சொல்வது, முதல் நாள் மாலையே அகத்தியோ சுபாபுல்லோ ஒடித்துக் கொட்டிலுக்குள் உயரக் கட்டிவிடுங்கள். காலையில் ஆடு அதைத் தின்று நிற்கட்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சாயங்காலம் ஓட்டிக்கொண்டு போகட்டும். நாலு வீட்டில் இப்போது அப்படிச் செய்கிறார்கள்.