போர்வை எதற்கு?

தாம்பரத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகளை மாமல்லபுரத்திற்கு அழைத்துச் செல்கிறோம். இடைக்குமேல் ஆடையின்றி நிற்கும் பெண்ணுருவங்களை அங்கே எவரும் துணிகொண்டு மூடுவதில்லை; பிள்ளைகளும் அதனால் கெட்டுப்போவதில்லை. ஆனால், பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் பூஷே சுண்ணக்கோலால் வரைந்த ஆடையற்ற பெண்ணுருவம் ஒரு நூலில் அச்சாகியிருந்தால், அந்தப் பக்கத்தை ஒட்டிவிடத் துடிக்கிறோம். கல்லுக்கு ஒரு நீதி, காகிதத்திற்கு ஒரு நீதியா?

அந்த ஓவியர்கள் கையாண்டவை மூன்றே கோல்கள். தசையின் வெம்மைக்குச் சிவப்பு, நிழலுக்குக் கறுப்பு, ஒளி விழும் தோளுக்கு வெள்ளை. சிவப்புக்கோல் என்பது இரும்புத் துரு ஏறிய களிமண்ணேயன்றி வேறன்று. மண்ணிலிருந்து மனித உடல் எழுவது, தொடக்கநூலைப் படித்த நமக்குப் புதிய செய்தியா?

நம் நாட்டிலும் இந்த வழக்கு ஓயவில்லை. 1954இல் பம்பாயில் காதலர் ஓவியங்களுக்காக அக்பர் பதம்சீ கைதானார். நீதிமன்றம் அவரை விடுவித்தது. எழுபது ஆண்டுகள் கழித்தும் நாம் திருந்தவில்லை. கோவாவில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த சூசாவும் அதே பதம்சீயும் படைத்த ஏழு படைப்புகள் ஆபாசம் எனச் சுங்கத்துறையால் பறிமுதலாயின. ஆடையற்ற ஓவியமெல்லாம் ஆபாசம் ஆகாது என்று 2024 அக்டோபரில் பம்பாய் உயர்நீதிமன்றம் அவற்றை மீட்டுத் தந்தது.

திருச்சபையும் இத்தடுமாற்றத்தை அறிந்ததே. மைக்கலாஞ்சலோ 1541இல் முடித்த இறுதித் தீர்ப்பு ஓவியத்தின் உருவங்கள் சிலவற்றுக்கு 1565இல் வேறொரு கை ஆடை தீட்டியது. பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட ஆடைகளுள் சில புதுப்பிக்கும் பணியில் களையப்பட்டன. 1994இல் அங்கே திருப்பலி நிறைவேற்றிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அச்சிற்றாலயத்தை மனித உடலின் இறையியலுக்கான திருத்தலம் என்றே போற்றினார்.

அப்படியானால், கலை என்றதும் கேள்வியே கூடாதா? கேட்டே ஆகவேண்டும், ஆனால், சரியான கேள்வியைக் கேட்கவேண்டும். அன்றைய பாரிசு அரசக் கலைக்கழகத்தின் வகுப்பில் ஆண்களே மாதிரியாக நின்றனர். பெண்களை ஓவியர்கள் தம் சொந்தக் கூடங்களில் வரைந்தனர். அப்பெண்களுள் பலருடைய தோளின் வளைவை அறிவோம்; பெயரை அறியோம். மனமுவந்து நின்றாளா? கூலி கிடைத்ததா? குளிரில் எவ்வளவு நேரம் நின்றாள்? ஆடை எங்கே என்று பதறும் நாம் இவற்றை ஒருநாளும் கேட்டதில்லை.

தாம்பரம் நெடுஞ்சாலையில் ஒருகணம் நிமிர்ந்து பார்ப்போம். ஏதோ ஒரு பொருளை விற்கப் பெண்ணுடலைத் தூண்டிற்புழுவாக்கும் விளம்பரப் பலகைகளின்கீழ் நாளும் பேருந்துக்குக் காத்து நிற்கிறோம், முணுமுணுப்பதுகூட இல்லை. அங்கே பெண் முழு ஆடையுடன் இருந்தாலும் பண்டமே. நல்ல ஓவியனின் தாளிலோ, ஆடையின்றியும் அவள் ஆள். வெட்கம் உடலில் இல்லை. ஆளைப் பண்டமாக்கும் பார்வையில் இருக்கிறது. போர்வை வேண்டுமென்றால், முதலில் அந்தப் பார்வைக்குப் போர்த்துவோம்.